சம்பளம் இல்லாத லேப் வேலை: இரண்டாவது மார்ஷ்மெல்லோ வருமா?

நம்ம சேனலுக்கு வந்த ஒரு கேள்வியை இன்னைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் ஒருத்தர் எழுதியிருந்தார். அவருடைய தங்கச்சி அமெரிக்காவில் ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியில் சைக்காலஜி இளங்கலை படிக்கிறார். அங்கே ஒரு குழந்தை உளவியல் லேபில் ரிசர்ச் அசிஸ்டென்ட் வாய்ப்பு வந்திருக்கு. வாரத்துக்கு 9 மணி நேரம். சம்பளம் கிடையாது, வேணும்னா 3 கிரெடிட் எடுத்துக்கலாம். ஆனால் அதுக்கு, இப்போ கேம்பஸ் டைனிங் ஹாலில் பார்க்கும் ஷிஃப்ட்டுகளைக் குறைக்கணும். "அந்தச் சம்பளத்துலதான் அவளோட மளிகையும் போன் பில்லும் ஓடுது. எஜுகேஷன் லோனுக்கு அப்பா கோ-அப்ளிகன்ட், வீடு அடமானத்துல இருக்கு. போகச் சொல்லட்டுமா, வேண்டாம்னு சொல்லட்டுமா?"

"அனுபவம் முக்கியம், காசைப் பார்க்காதே" என்று ஒரு கூட்டம் சொல்லும். "ஓசியில் உழைக்காதே" என்று இன்னொரு கூட்டம் சொல்லும். ரெண்டு பேருமே கணக்குப் போடாமல் பேசுறாங்க. நாம போடலாம்.

முதலில், அந்த லேபில் என்ன வேலை?

குழந்தை உளவியல் லேப் என்றதும் குழந்தைகளோடு விளையாடுற வேலைன்னு நினைச்சுடாதீங்க. அது ஒரு பங்குதான். பெற்றோருக்குப் போன் செய்து நேரம் குறிக்கணும். குழந்தை தூங்கிட்டா, காய்ச்சல்னா மறுபடியும் குறிக்கணும். வந்தவங்களுக்கு பார்க்கிங் காட்டணும், சம்மதப் படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்கணும், கூட வந்த அண்ணனையோ அக்காவையோ பக்கத்து ரூமில் பார்த்துக்கணும். அதுக்கு முன்னாடி, மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதற்கான நெறிமுறைப் பயிற்சியை முடிச்சிருக்கணும்.

அதுக்கப்புறம் வருவதுதான் நேரத்தை விழுங்கும் வேலை: வீடியோ கோடிங். குழந்தை எந்த நொடியில் திரையைப் பார்த்தது, எந்த நொடியில் கண்ணைத் திருப்பியது என்று வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திக் குறிக்கணும். குழந்தைக்கு எதைக் காட்டினாங்கன்னு குறிப்பவருக்குத் தெரியாத மாதிரி வைப்பாங்க; தெரிஞ்சா கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். அதே வீடியோவின் ஒரு பகுதியை இன்னொருத்தரும் தனியாகக் குறிப்பார். ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகணும். எங்க தொழிலில் ஒருத்தர் போட்ட வவுச்சரை இன்னொருத்தர் சரிபார்க்கிற மாதிரிதான்.

இப்படிப் பொறுமையாகக் குறிச்ச நொடிகளிலிருந்துதான் பெரிய கண்டுபிடிப்புகள் வந்திருக்கு. 1992-ல் கேரன் வின் என்ற உளவியலாளர் "நேச்சர்" இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். 5 மாதக் குழந்தைக்கு முன்னாடி ஒரு பொம்மை வைப்பாங்க. ஒரு திரை எழும்பி அதை மறைக்கும். குழந்தை பார்க்கும்போதே இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னாடி வைப்பாங்க. திரை இறங்கும்போது 2 பொம்மை இருக்கணும். ஒண்ணுதான் இருந்தா, குழந்தைகள் அதை அதிக நேரம் பார்த்தாங்க. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு; கணக்கு இடிச்சா 5 மாதக் குழந்தையும் உத்துப் பார்க்குது. படிச்ச நாம நம்ம உழைப்பின் கணக்கை ஒரு தடவையாவது உத்துப் பார்க்கணும் இல்லையா?

9 மணி நேரத்தின் விலை

ஒரு செமஸ்டர் சுமார் 15 வாரம். வாரம் 9 மணி என்றால் 135 மணி நேரம். டைனிங் ஹால் சம்பளம் மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்களில் அதைவிட அதிகம். உங்க வீட்டுப் பிள்ளை வாங்கும் தொகையை நீங்க போட்டுக்கோங்க.

135 × 15 = 2,025 டாலர். ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் ₹1,82,250. பல லேப்கள் குறைந்தது 2 செமஸ்டராவது இருக்கச் சொல்லுவாங்க. பயிற்சி கொடுக்கவே பாதி செமஸ்டர் போய்விடும் என்பது அவங்க நியாயம். அப்போ 4,050 டாலர், அதாவது ₹3,64,500.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? வீட்டில் சும்மா இருக்கும் சேமிப்பிலிருந்து வந்தா ஒரு கணக்கு. லோனில் கூடுதலாக எடுத்தா வேற கணக்கு. 11% வட்டியில், படிப்புக் காலத்துக்கு வெறும் தனி வட்டி போட்டாலே வருடத்துக்கு ₹40,095. 3 வருடத்தில் ₹1,20,285 ஏறி, மொத்தம் ₹4,84,785-ல் நிற்கும். சம்பளமில்லாத அந்த வேலையின் அசல் விலைச்சீட்டு இதுதான்.

"கிரெடிட் தர்றாங்களே" என்றால்?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கிரெடிட் என்பது சம்பளம் இல்லை. யூனிவர்சிட்டியில் நீங்க காசு கொடுத்து வாங்கும் பொருள் அது.

பல யூனிவர்சிட்டிகளில் முழுநேர மாணவர்களுக்கு ஒரே ஃபீஸ் இருக்கும்; உதாரணமாக 12 முதல் 18 கிரெடிட் வரை எத்தனை எடுத்தாலும் அதே தொகை. அந்த வரம்புக்குள் லேப் கிரெடிட் வந்தால் கூடுதல் செலவு இல்லை. அந்த 3 கிரெடிட் டிகிரிக்குத் தேவையான கணக்கில் சேருதா என்பதை மட்டும் பாருங்க. சேர்ந்தா நல்லது. சேரலைன்னா, ஒரு பாடத்தின் இடத்தை அது அடைச்சுக்கும். அதனால் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் அந்தச் செலவு ரொம்பப் பெரியது.

கோடைக்காலம் வேற கதை. அப்போ பல இடங்களில் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்றுதான் ஃபீஸ். கிரெடிட்டுக்கு 1,000 டாலர் என்று வைத்தால், 3 கிரெடிட்டுக்கு 3,000 டாலர், ₹2,70,000. இதன் அர்த்தம் புரியுதா? லேபுக்கு உழைச்சுட்டு, அதுக்கு நாமே காசும் கட்டுறோம். கோடையில் கிரெடிட்டுக்காக லேப் வேலை என்றால் என் பதில் நேரடியானது: வேண்டாம். கோடையில் ஆய்வு வேலை செய்தால் உதவித்தொகையோடு செய்யணும்.

இன்னொரு விஷயம். அதே லேபில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அமெரிக்க மாணவிக்குச் சம்பளம் வரலாம். ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி திட்டத்தில் தகுதியான மாணவர்களின் சம்பளத்தில் பெரிய பங்கை அரசு கொடுக்கும். நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனின் ஆர்இயூ என்ற கோடைக்கால ஆய்வுத் திட்டத்திலும் உதவித்தொகை உண்டு. இந்த ரெண்டுமே எஃப்-1 விசாவில் போன மாணவர்களுக்குக் கிடையாது. பேராசிரியர் பாரபட்சம் காட்டுறார் என்று அவசரப்பட்டு நினைக்க வேண்டாம். பணம் வரும் குழாய் வேற. நம்ம பிள்ளைகள் தேட வேண்டியது யூனிவர்சிட்டியின் சொந்த நிதியை. பல இடங்களில் இளங்கலை மாணவர் ஆய்வுக்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும். அங்கே போய், "இன்டர்நேஷனல் மாணவர்களுக்கும் பொருந்தும் கிரான்ட் எது?" என்று கேட்கணும்.

அப்போ வரவுப் பக்கத்தில் என்ன?

செலவை மட்டும் காட்டிவிட்டுப் போனால் அது பாதி பேலன்ஸ் ஷீட். வரவும் பெரியதாக இருக்கலாம்.

அமெரிக்காவில் சைக்காலஜி ஆய்வுப் படிப்பான பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் ட்யூஷன் விலக்கும் மாதாந்திர உதவித்தொகையும் கிடைக்கும். அந்த இடங்களுக்குப் போட்டி கடுமை. லேப் அனுபவமும், பக்கத்திலிருந்து வேலையைப் பார்த்த பேராசிரியரின் சிபாரிசுக் கடிதமும் இல்லாமல் உள்ளே போவது ரொம்பக் கஷ்டம். இளங்கலை முடிச்சதும் லேப் மேனேஜர் என்று சம்பள வேலைகளும் உண்டு. அதுக்கும் இதே அனுபவத்தைத்தான் கேட்பாங்க. அந்தப் பாதையில் போகிற பெண்ணுக்கு ₹3,64,500 ஒரு முதலீடு.

ஆனால் தங்கச்சியின் திட்டம் ஹெச்ஆர் பக்கமோ, டேட்டா அனலிட்டிக்ஸ் பக்கமோ என்றால் ஒரு செமஸ்டரே போதும். இந்தியா திரும்பி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும் என்றால், இங்கே மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்சிஐ அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேணும். அமெரிக்க லேபில் வீடியோ கோடிங் செய்த அனுபவம் அதுக்கு மாற்று ஆகாது.

ஆக, சம்பளமில்லாத வேலையில் கொடுக்கப்படுவது ஒரு வாக்குறுதி: "இப்போ காத்திரு, பின்னாடி பெருசா கிடைக்கும்." இதே வாக்குறுதியை இதே மாதிரி லேப்களில் குழந்தைகளிடம் சோதிச்சுப் பார்த்திருக்காங்க.

மார்ஷ்மெல்லோ சொல்லும் பாடம்

மார்ஷ்மெல்லோ டெஸ்ட் பற்றி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. எஸ்ஐபி பற்றிப் பேசும் பாதி வீடியோக்களில் அது வரும். 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் உள்ள பிங் நர்சரி பள்ளியில் வால்டர் மிஷெல் தொடங்கியது. இப்போ ஒண்ணு சாப்பிடலாம், காத்திருந்தா ரெண்டு கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பின்னாடி தேர்வுகளில் நல்ல மார்க் வாங்கினாங்க என்று 1990-ல் ஒரு கட்டுரை வந்தது. அதை வைத்து, "பொறுமை இருக்கிறவன் பணக்காரன் ஆவான்" என்று உலகமே பேசியது.

அதுக்கப்புறம் வந்த ரெண்டு ஆய்வுகளை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

2013-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் அவருடைய குழுவும் 28 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தாங்க. மார்ஷ்மெல்லோ வருவதற்கு முன்னாடியே குழந்தைகளுக்கு ஒரு படம் வரையும் வேலை. "கொஞ்சம் காத்திரு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவாங்க. பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தாங்க. மீதிப் பாதிக்கு, "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்று வெறும் கையோடு திரும்பினாங்க. ஸ்டிக்கரிலும் அதே கதை. அதுக்கப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தாங்க. ஏமாற்றப்பட்ட குழந்தைகள் 3 நிமிடம்தான்.

அந்தக் குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல முடியுமா? ஏற்கெனவே ரெண்டு தடவை ஏமாந்த குழந்தை கையில் இருக்கிறதைச் சாப்பிடுவது புத்திசாலித்தனம்.

2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனான் குவான் ஆகியோர் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்துப் பழைய முடிவைத் திரும்பச் சோதிச்சாங்க. காத்திருப்புக்கும் பிற்கால மார்க்குக்கும் உள்ள தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் குழந்தையின் ஆரம்பகாலத் திறனையும் கணக்கில் எடுத்ததும் அதுவும் பெரும்பகுதி கரைந்தது.

நம்ம கேள்விக்கு இதிலிருந்து ரெண்டு விஷயம் கிடைக்குது. ஒண்ணு, காத்திருக்கலாமா என்பது வாக்குக் கொடுப்பவர் இதுவரை வாக்கைக் காப்பாற்றினாரா என்பதைப் பொறுத்தது. ரெண்டு, வீட்டில் தட்டு நிறைஞ்சிருக்கிறவங்களுக்குக் காத்திருப்பது சுலபம். அடமான வீட்டின் மேல் படிக்கும் பெண்ணும், அப்பா செமஸ்டர் ஃபீஸை செக்கில் கட்டும் பெண்ணும் ஒரே லேபில் ஒரே 9 மணி நேரம் உழைத்தாலும், ரெண்டு பேரும் கொடுக்கும் விலை ஒண்ணு இல்லை.

லேபைச் சோதிக்க 5 கேள்விகள்

சேருவதற்கு முன்னாடி மரியாதையாக, ஈமெயிலிலேயே கேட்கலாம். நல்ல லேப் தப்பா எடுத்துக்காது.

1. போன 2 வருடத்தில் இங்கே இருந்த இளங்கலை மாணவர்கள் இப்போ எங்கே இருக்காங்க? லேபின் வலைத்தளத்தில் பழைய மாணவர் பட்டியல் இருந்தாலே பாதி பதில் கிடைச்சுடும்.

2. சிபாரிசுக் கடிதம் யார் எழுதுவாங்க? பேராசிரியரைப் பார்க்கவே முடியாத லேபில், பிஎச்.டி. மாணவர் வரைவு எழுதி, பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவாரா?

3. முதல் செமஸ்டருக்கு அப்புறம் வேலை மாறுமா? போன் செய்வதிலிருந்து கோடிங், கோடிங்கிலிருந்து சோதனையை நடத்துவது, அங்கிருந்து சொந்த போஸ்டர் என்று படி இருக்கணும். ஒரு வருடம் முழுக்கப் பார்க்கிங் காட்டினால் கடிதத்தில் எழுத எதுவும் இருக்காது.

4. சம்பள இடங்கள் இருக்கா? இருந்தால் யாருக்கு, எப்போது?

5. தேர்வு வாரங்களில் நேரம் குறையுமா?

ஐந்தில் மூன்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அது கிரேயான் கொண்டுவராத லேப்.

விசாவும் வரியும்

"சம்பளம் இல்லைன்னா விசா ரூல் பொருந்தாது" என்று நினைக்காதீங்க. வழக்கமாகக் காசு கொடுத்துச் செய்ய வைக்கும் வேலையை இலவசமாகச் செய்வதும் சிக்கலாகலாம். சேருவதற்கு முன்னாடி யூனிவர்சிட்டியின் இன்டர்நேஷனல் மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கணும். சம்பள வேலை என்றால், வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸில் எல்லா வேலைகளும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான். டைனிங் ஹால் 14, லேப் 9 என்றால் 23 ஆகிவிடும். லேப் சம்பளம் கொடுக்க ஆரம்பிக்கும் நாளில் இதைக் கவனிக்கணும்.

சம்பளம் வந்தால் வரி:

• எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் 5 காலண்டர் வருடங்களுக்கு அமெரிக்க வரிச் சட்டப்படி நான்-ரெசிடென்ட். அவங்க கேம்பஸ் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற 7.65% பிடிக்கக்கூடாது. பே ஸ்லிப்பில் பிடிச்சிருந்தா முதலில் பே ரோல் அலுவலகத்தில் திரும்பக் கேட்கணும்.

• படிவம் 1040-என்ஆர் தாக்கல் செய்யணும். வருமானமே இல்லாவிட்டாலும் படிவம் 8843 அனுப்பணும். ரெசிடென்ட்களுக்கான சாஃப்ட்வேரில் போடக்கூடாது.

• இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால், இந்திய மாணவர்கள் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கலாம். மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலானோருக்கு இது இல்லை. 2025 வருமானத்துக்குத் தனிநபர் தொகை 15,750 டாலர். கேம்பஸ் சம்பளம் மட்டும் இருந்தால் ஃபெடரல் வரி பெரும்பாலும் பூஜ்யம். மாநில வரி தனி.

• இந்தியப் பக்கம், கிளம்பிய வருடத்தைக் கவனிங்க. ஆகஸ்டில் கிளம்பியவர் ஏப்ரலிலிருந்து 130 நாளுக்கு மேல் இங்கே இருந்திருப்பார். வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு 182 நாள் சலுகை உண்டு. படிக்கப் போகிறவர்களைச் சட்டம் அதில் சொல்லவில்லை. அதனால் அந்த முதல் வருடம் அவர் இந்திய ரெசிடென்டாகவே இருக்கலாம். வரி வராவிட்டாலும், அமெரிக்க வங்கிக் கணக்கை ரிட்டர்னில் காட்ட வேண்டிய கடமை வரலாம். உங்க ஆடிட்டரிடம் கேளுங்க.

சம்பளம் வாங்கும் அண்ணன், அக்காவுக்கு

தங்கச்சியின் லோனுக்கு நீங்க இஎம்ஐ கட்டினால் 80இ விலக்கு கிடைக்கும் என்று நினைக்கிறவங்க அதிகம். கிடைக்காது. 1961 வருமான வரிச் சட்டத்தில் அந்த வட்டி விலக்கு தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி கார்டியனாக இருக்கும் மாணவருக்கு எடுத்த லோனுக்குத்தான். கூடப்பிறந்தவங்க அந்தப் பட்டியலில் இல்லை. அதுவும் பழைய வரி முறையில் மட்டும். அப்பா கடன் வாங்கியவராக இருந்து, அவருக்கு வரி கட்டும் வருமானமும் இருந்தால், வட்டியை அவர் வருமானத்திலிருந்து கட்டுவதுதான் லாபம்.

லேப் வேலைக்கு ஆதரவு கொடுப்பதென்றால், "பார்த்துக்கலாம்" என்று சொல்லாமல் ஒரு தொகை சொல்லுங்க. மாதம் ₹15,000, 4 மாதம், மொத்தம் ₹60,000. அதை உங்க எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுக்காதீங்க.

என் பதில்

அந்த அண்ணனுக்கு நான் எழுதியது இதுதான். தங்கச்சிக்கு ஆய்வுப் பாதையில் உண்மையான ஆர்வம் இருந்தால், ஒரே ஒரு செமஸ்டர், ஃபீஸ் கூடாத கிரெடிட்டாகப் போகட்டும். மளிகைக்கும் போன் பில்லுக்கும் தேவையான ஷிஃப்ட்டுகளை விட வேண்டாம். அதுக்கு மேல் இருக்கும் ஷிஃப்ட்டுகளை மட்டும் குறைக்கட்டும். முதல் நாளிலிருந்து மணிநேரத்தையும் செய்த வேலையையும் ஒரு ஷீட்டில் குறித்துவரட்டும். 12-ஆவது வாரத்தில் அந்த ஷீட்டோடு பேராசிரியரைப் பார்த்து, அடுத்த செமஸ்டரில் சம்பளமோ, பெரிய பொறுப்போ உண்டா என்று கேட்கட்டும். ரெண்டில் ஒண்ணாவது உறுதியாகக் கிடைத்தால் தொடரலாம். "பார்க்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு டைனிங் ஹாலுக்குத் திரும்பலாம். அதில் எந்த அவமானமும் இல்லை.

உங்க ஆபீஸில் "இன்சென்டிவ் அடுத்த குவார்ட்டர்ல பார்த்துக்கலாம்" என்று சொல்லும் மேனேஜரிடமும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. போன தடவை கிரேயான் வந்ததா? வந்திருந்தால் காத்திருங்க.

உங்க வீட்டில் யாராவது இப்படி ஒரு வாய்ப்போடு யோசிச்சுட்டு இருந்தால் இந்த 5 கேள்விகளை அனுப்பி வைங்க. அடுத்த வீடியோவில் எஜுகேஷன் லோனின் மொரட்டோரியம் வட்டியைக் கட்டிக்கொண்டே வரலாமா, விடலாமா என்று எக்செல் ஷீட்டோடு பார்க்கலாம்.